அறுபதாயிரம் அல்லது ஐந்து வருஷம்

எனக்குக் கோபம் அதிகம் என்று திண்டிவனத்தில் ஒரு பேச்சு உண்டு. விழுப்புரத்திலும் உண்டு. நடுவில் இருக்கிற ஊர்களிலும் இருக்கும், நான் விசாரிக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். கோபம் நியாயமா இல்லையா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் மாட்டு டாக்டர். பெயர் கிருஷ்ணவேணி. வேலை விழுப்புரம் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில், வீடு திண்டிவனத்தில். கணவர் சீனுவாசன் திண்டிவனத்தில் ஒரு பாங்கில் கேஷியர். நல்ல மனிதர். ஆனால் சைக்கிளுக்குக் காற்றடிக்கவே அவருக்கு ஆள் வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் வண்டி என்றால் அது என் பாடு.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாண்டிச்சேரியில் ஒரு ஆலைக்கு மெஷின் மாட்ட வந்த பிரெஞ்சுக்கார இன்ஜினியர் ஒருவர், 1981இல் ஊருக்குத் திரும்பும்போது எனக்கு விற்றது. இத்தாலியில் செய்தது, 1968ஆம் வருஷத்து வண்டி. சிவப்பு நிறம், தாழ்வான உடம்பு, துணிக்கூரை, இரண்டே சீட்டு. இரண்டு பேர் மட்டும் உட்காரும் காரை எந்தக் குடும்பஸ்தனும் வாங்க முன்வரவில்லை. அதனால்தான் அது என் கைக்கு எட்டியது. வயல் பக்கம் மேடு பள்ளம் வந்தால் அடி இடிக்கும். அங்கேயே நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். ஆனால் தார் ரோட்டில் அது பறக்கும். தினசரி வேலைக்கு நான் பஸ்ஸில்தான் போவேன். கார் அவசரத்துக்கு மட்டும். கன்று வயிற்றில் மாட்டிக்கொண்ட மாடு, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டு இருக்காது.

வண்டியோடு ஒரு புத்தகமும் வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் இன்ஜினியர் எனக்காக ஆங்கிலத்தில் கைப்பட எழுதிக் கொடுத்தார். ஆயில், ஐயாயிரம் கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். டைமிங் பெல்ட், அறுபதாயிரம் கிலோமீட்டர் அல்லது ஐந்து வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். இரண்டாவது வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, 'அறுந்துபோவதற்கு முன்னால்' என்றும் எழுதியிருந்தார். கடைசியாக அவர் பெல்ட் மாற்றியது 1980இல்.

அந்தப் பெல்ட் பற்கள் வைத்த ரப்பர் பட்டை. இன்ஜினின் அடியில் சுழல்வதையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடுவதையும் ஒரே தாளத்தில் கட்டி வைத்திருப்பது அதுதான். அது அறுந்தால் தாளம் தப்பும். மேலே ஏறி வரும் பிஸ்டன், திறந்து நிற்கும் வால்வில் போய் இடிக்கும். அதோடு இன்ஜின் முடிந்தது. ரப்பர் என்பதால் ஓடினாலும் தேயும், ஓடாமல் நின்றாலும் வெயிலில் காயும். அதனால்தான் கிலோமீட்டரோடு வருஷமும் போட்டிருக்கிறது. இதில் புரியாதது என்ன இருக்கிறது? நம் ஊர் அம்பாசடருக்கு உள்ளே சங்கிலி. அது அறுகிற வழக்கம் இல்லை. வெளியே இருக்கிற ஃபேன் பெல்ட் அறும். அறுந்தால் டிக்கியிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டிக்கொண்டு போவார்கள். பெல்ட் என்றால் நம் ஆட்களுக்கு அந்த ஒன்றுதான் தெரியும்.

விழுப்புரத்தில் என் வண்டியைத் தொட ஒப்புக்கொண்ட ஒரே மெக்கானிக் பாண்டுரங்கன். ஐம்பது வயது இருக்கும். சிறு வயதில் திண்டிவனம் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற மில்லில் பெல்ட் பார்க்கிற வேலை செய்தவர். பிறகு பம்புசெட், அதற்குப் பிறகு கார். கை சுத்தம், நாணயமும் சுத்தம். மற்றவர்கள் என் வண்டியைச் சுற்றி வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனபோது, இவர் ஒருவர்தான் பானெட்டைத் திறந்து குனிந்து பார்த்தார். அவரைத் திருடன் என்று நான் சொல்லவே மாட்டேன். திருடனாக இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

ஆயில் விஷயத்திலேயே எங்களுக்குள் சண்டை ஆரம்பித்தது. ஆறு மாதம் முடிந்து நான் வண்டியைக் கொண்டுபோய் விட்டால், அவர் ஆயில் குச்சியை உருவுவார். நுனியில் இருப்பதை விரலில் தொட்டுத் தேய்ப்பார். மோந்து பார்ப்பார்.

"எண்ண தேனாட்டம் இருக்குதுங்க, டாக்டரம்மா. இத்தப் போயி எதுக்கு கீழ ஊத்தச் சொல்றீங்க?"

"ஆறு மாசம் ஆயிடுச்சி, மேஸ்திரி."

"மாசம் ஆனா இன்னாங்க, ஓடனது மூவாயிரம்தானே. கொஞ்சம் மேல ஊத்திக் குடுத்துடறேன், அது பாட்டுக்கு ஓடும்." பிறகு என் தோளுக்குப் பின்னால் ரோட்டைப் பார்ப்பார். "சார் வரலிங்களா?"

ஒவ்வொரு தடவையும் இந்தக் கேள்வி. நான் சொல்வதை சார் வந்து சொன்னால் அது விஷயமாகிவிடும். பானெட்டை எந்தப் பக்கம் திறப்பது என்று கூட அந்த சாருக்குத் தெரியாது. நான் பிடிவாதமாக நின்று, பழைய ஆயில் கடைசிச் சொட்டு வரை இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். நான் நின்றால் மாற்றுவார். நிற்காவிட்டால் மேலே ஊற்றி அனுப்பிவிடுவார். அதை ஒரு முறை கண்டுபிடித்தேன். கேட்டதற்கு, "ஒங்களுக்குச் செலவு கம்மியாவட்டும்னுதாங்க," என்றார். முகத்தில் கள்ளம் கொஞ்சமும் இல்லை.

இதே மனிதருக்கு ஒரு கலப்பின மாடு இருக்கிறது. பெயர் கஸ்தூரி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கோமாரி ஊசி போட வேண்டும் என்று நான் ஒரே தடவைதான் சொன்னேன். அன்றிலிருந்து ஒரு நாள் பிசகியதில்லை. தேதி எழுதிய அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காலை எட்டு மணிக்கெல்லாம் மாட்டோடு மருந்தக வாசலில் நிற்பார். என் சரகத்தில் இப்படித் தேதி பார்த்து வருகிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் மாட்டுக்கு வாயில் நுரை தள்ளிய பிறகு ஓடி வருவார்கள். மற்ற மாட்டுக்காரர்களுக்கு நான் அவரைத்தான் உதாரணம் காட்டுவேன். காட்டியிருக்கிறேன், என்ன செய்வது.

1985இல் பெல்ட்டுக்கு ஐந்து வருஷம் முடிந்தது. ஓடியது முப்பத்தோராயிரம்தான். ஆனால் வருஷம் முதலில் வந்துவிட்டது. அந்தப் பெல்ட் இந்தியாவில் எங்கும் கிடைக்கவில்லை. இன்ஜினியருக்குக் கடிதம் எழுதினேன். அவர் அங்கே தேடிப் பிடித்து, பாண்டிச்சேரிக்கு வந்த யாரிடமோ கொடுத்தனுப்பி, அது என் கைக்கு வந்து சேர ஏழு மாதம் ஆயிற்று. ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் வண்டியையும் பெல்ட்டையும் பாண்டுரங்கனிடம் ஒப்படைத்தேன். இன்ஜினியர் எழுதியதைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதி அதையும் கொடுத்தேன். ரப்பருக்கு எந்த எண்ணெயும் ஆகாது என்று புத்தகத்தில் இருந்ததையும் சேர்த்து எழுதினேன். வாங்கி, அட்டை வைக்கிற அதே பையில் வைத்துக்கொண்டார்.

பூஜை முடிந்த மறுநாள் வண்டியை எடுக்கப் போனேன். மாலை, சந்தனம், குங்குமம், முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கல்யாண மாப்பிள்ளை போல நின்றது. அன்றைக்கு ஓமந்தூர் பக்கம் ஒரு ஆட்டுப் பட்டியில் நோய் என்று தகவல் வந்திருந்தது. எனக்கு அவசரம்.

"பெல்ட் வேலை ஆச்சா, மேஸ்திரி?"

"எல்லாம் ஆச்சிங்க. பெல்ட்டப் பத்தி நீங்க கவலையே படவேணாம்."

நான் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. நாலு திருகாணிதான். ஸ்க்ரூ டிரைவர் அங்கேயே கிடந்தது. பார்க்கவில்லை. என் கோபத்தில் ஒரு பங்கு எனக்கே சேர வேண்டியது, அதை நான் மறைக்கப்போவதில்லை.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. எதிர்வீட்டு உரக்கடைக்காரர் வாசலில் வந்து, எனக்குப் போன் என்று கூப்பிட்டார். விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கெடாரிலிருந்து பேசினார்கள். அஞ்சம்மாள் மாட்டுக்குப் பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரம் ஆகிறது, முன்கால் இரண்டும் வெளியே தெரிகின்றன, மூக்கைக் காணோம், மாடு படுத்துவிட்டது.

அஞ்சம்மாளை எனக்குத் தெரியும். புருஷன் இல்லை. அரைக் காணியில் கேப்பை போடுகிறாள். மீதிப் பிழைப்பு முழுவதும் அந்த ஒற்றை மாட்டின் பால்தான். போன முறை காளைக்கன்று. அதைக் கொடுத்துவிட்டாள். இந்த முறை கிடேரி பிறந்தால் வீட்டோடு வளர்த்து இரண்டாவது மாடாக்கிக்கொள்வேன் என்று சினை ஊசி போட்ட நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கால் வந்து மூக்கு வரவில்லை என்றால் கன்றின் தலை பின்னால் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். கையை விட்டுத் தலையை நேராக்கினால் கன்று வந்துவிடும். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும். அதற்கு மேல் கன்று தாங்காது.

என் வண்டியில் திண்டிவனத்திலிருந்து கெடார் ஒன்றே கால் மணி நேரம். எட்டு மணிக்குப் புறப்பட்டேன். ஒன்பதே காலுக்குப் போய்விடலாம். கயிறு, சோப்பு, மருந்துப் பெட்டி எல்லாம் பக்கத்து சீட்டில். கூட்டேரிப்பட்டு தாண்டி எண்பதில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. வண்டி தானாக உருண்டு புளியமரத்தடியில் நின்றது. சாவியைத் திருப்பினேன். இன்ஜின் கனமே இல்லாமல் விர்ரென்று சுற்றியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பெல்ட்தான் என்று தெரிந்துவிட்டது. தெரிந்தும் நம்ப முடியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் போட்ட புதுப் பெல்ட் எப்படி அறும்?

ரோட்டில் நின்று கையைக் காட்டினேன். விரைவு பஸ்கள் ஒன்றும் நிற்கவில்லை. கல்யாண வண்டிகள் வரிசையாகப் போயின. தையில் நல்ல முகூர்த்தம், எல்லாக் காரிலும் பட்டுப்புடவைகள். கையைக் காட்டிய பெண்ணையும் சிவப்புக் காரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். முக்கால் மணி நேரம் கழித்து மல்லாட்டை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றது. விழுப்புரத்தில் இறங்கியபோது மணி ஒன்பதே முக்கால். வாடகைக் கார் நிற்கிற இடத்தில் ஒரு கார்கூட இல்லை. எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தன. கெடார் பஸ் அப்போதுதான் போயிற்று என்றார்கள். அடுத்தது பதினொன்றுக்கு. பஸ் ஸ்டாண்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரத்தைப் போல எதையும் நான் சபித்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கையை உள்ளே விட்டேன். நினைத்தது சரிதான். தலை இடப்பக்கமாகத் திரும்பியிருந்தது. வாய்க்குள் விரலை விட்டேன். உயிரோடு இருக்கிற கன்று விரலைச் சப்பும். இது சப்பவில்லை. நாக்கு வீங்கிக் குளிர்ந்திருந்தது. தலையை நேராக்கிக் கயிறு போட்டு இழுத்தபோது முழுதாக, அழகாக வெளியே வந்தது. செவலை, நெற்றியில் வெள்ளை. கிடேரி.

மாடு பிழைத்துக்கொண்டது. சாயங்காலம் எழுந்து நின்றது. கன்றை நக்கத் தேடியது. அஞ்சம்மாள் எனக்குக் கை கழுவ வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். திட்டவில்லை.

"நீ இன்னா பண்ணுவ, தாயி. வண்டி மக்கரு பண்ணிப்புட்ச்சி. லாரி ஏறி, பஸ்சு ஏறி வந்தியே, அத்தச் சொல்லு," என்றாள்.

வண்டி மக்கர் பண்ணவில்லை. அதை அவளுக்கு எப்படிச் சொல்வது? பெல்ட், ஐந்து வருஷம், எழுதிக் கொடுத்த சீட்டு எல்லாம் அந்தச் செத்த கன்றுக்கு முன்னால் நின்று பேசுகிற விஷயமா? கையைக் கழுவினேன்.

மறுநாள் டிராக்டர் வைத்து வண்டியைப் பாண்டுரங்கன் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். நாலு திருகாணியைக் கழற்றி மூடியை எடுத்தார். பெல்ட்டில் ஒரு சாண் நீளத்துக்குப் பல்லே இல்லை. கருத்து, பிசுபிசுவென்று, விளக்கெண்ணெய் நாற்றம்.

"பல்லு போச்சிங்க," என்றார், சாதாரணமாக. "கவலப்படாதீங்க. புதுசு பத்தரமா இருக்குது."

எனக்குப் புரியவில்லை. அவர் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னி டயரைத் தூக்கினார். அடியிலிருந்து செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்தார். மஞ்சள் நூல் கட்டியிருந்தது. மேலே குங்குமம். பிரித்தார். ஏழு மாதம் காத்திருந்து நான் வாங்கின பெல்ட், ஒரு கீறல் இல்லாமல், புத்தம் புதிதாக.

மூன்று மாதமாக அது என்னோடு வந்திருக்கிறது. புளியமரத்தடியில் நான் கையைக் காட்டிக்கொண்டு நின்றபோதும் அது எனக்குப் பின்னால் நாலடி தூரத்தில், குங்குமம் வைத்துக்கொண்டு படுத்திருந்தது.

"இத நீங்க மாத்தவே இல்லையா?"

"எப்பிடிங்க மாத்துவேன்? எம்மாந்தொலவுலேர்ந்து வந்த பொருளு. பழசு நல்லாத்தான் இருந்துச்சி. கொஞ்சம் காஞ்சி வெடிப்பு உட்டிருந்துச்சி, அவ்ளோதான். மில்லுல நாங்க பண்றாப்புல வெளக்கெண்ண போட்டுத் தேச்சேன், மெத்துனு ஆயிடுச்சி. ஓடற வரிக்கும் ஓடட்டும், அறுந்தா பத்து நிமிசத்துல இத்த மாட்டிக்கலாம்னுட்டு, ஆயுத பூசையில வெச்சிக் கும்புட்டு, உள்ளாற வெச்சேன்."

"எண்ணெ ஆகாதுன்னு எழுதிக் குடுத்தேனே."

"அது வெள்ளக்காரன் ஊரு குளிருக்குச் சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சார்கிட்ட சொல்லலாம்னு இருந்தேங்க," என்றார். "சார் வரலிங்களே."

அந்த நேரத்தில் என் கையில் ஸ்பேனர் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரியாது. இல்லை. அவர் உற்சாகமாகப் புதுப் பெல்ட்டை மாட்டினார். பத்து நிமிஷமல்ல, ஒரு மணி நேரம் ஆயிற்று. சாவியைத் திருப்பச் சொன்னார். இன்ஜின் அதே போலக் கனமில்லாமல் சுற்றியது. திரும்பவும் திருப்பச் சொன்னார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு மேல்மூடியையும் வால்வுகள் இருக்கிற ஹெட்டையும் இறக்கினார். எட்டு வால்வும் அடிபட்ட ஆணியாக வளைந்திருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெல்ட்டு அறுந்தா வால்வு வளையுமா? இது எந்த ஊரு நாயம்? பேஜாரு புடிச்ச வண்டிங்க இது."

அவர் வண்டியின் மேல் கோபப்பட்டார். எழுதிக் கொடுத்த சீட்டு அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. கெடார் சமாசாரத்தைச் சொல்ல வாயெடுத்திருந்தால் அழுதிருப்பேன். மெக்கானிக் ஷெட்டில் நின்று அழ எனக்கு இஷ்டமில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன். அன்று இரவு என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு வார்த்தை என்னைக் கூப்பிட்டிருந்தா நான் வந்து நின்னிருப்பேனே," என்றார். அவருக்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

மாசி மாதம் வந்தது. வண்டி ஷெட்டில் சாக்குப் போர்த்தி நிற்கிறது. வால்வுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். எத்தனை மாதமோ. நான் பஸ்ஸிலேயே எல்லா இடத்துக்கும் போய்க்கொண்டிருந்தேன். ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மருந்தகத்தைத் திறந்தால், வாசலில் பாண்டுரங்கன். வெள்ளைச் சட்டை, கையில் கயிறு, கயிற்றில் கஸ்தூரி. குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் பூசியிருந்தது.

"இன்னியோட ஆறு மாசங்க, டாக்டரம்மா," என்று அட்டையை நீட்டினார். "கோமாரி ஊசி."

அட்டையை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். தேதி சரியாக இருந்தது.

"மாடு எப்படி இருக்குது?"

"சோக்கா இருக்குதுங்க. ஒம்போது லிட்டரு கறக்குது."

"வாய்ல புண்ணு?"

"இல்லிங்க."

"கொளம்பு வெடிப்பு? காய்ச்சல்?"

"ஒண்ணும் இல்லிங்க."

"நடக்குது, திங்குது, கறக்குது. அப்பறம் எதுக்கு இப்ப ஊசி?"

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் உள்ளே போனேன். குப்பைத் தொட்டியிலிருந்து காலி மருந்து பாட்டில் ஒன்றை எடுத்தேன். நல்ல மருந்தை வீணாக்குகிற ஆள் நான் இல்லை. மேஜை மேல் கிடந்த செய்தித்தாளைக் கிழித்து அதில் சுற்றினேன். காலண்டர் சாமிக்குக் கீழே மடித்து வைத்திருந்த குங்குமத்தை எடுத்து மேலே ஒரு பொட்டு வைத்தேன். வெளியே வந்து, பொட்டலத்தை அவர் கையில் வைத்தேன்.

"ரொம்பத் தொலவுலேர்ந்து வர்ற மருந்து, மேஸ்திரி. கொண்டுபோய்ப் பத்தரமா வெச்சிக்கோங்க. மாடு ஓடற வரிக்கும் ஓடட்டும். வாயி புண்ணாகி, கொளம்பு கழண்டு, கீழ விழுந்துச்சின்னா, பத்து நிமிஷத்துல போட்டுக்கலாம்."

"நோவு வந்தப்பறம் ஊசி போட்டு இன்னாங்க பிரயோசனம்?" என்றார் அவர் உடனே. "அதுக்கு முன்னாடியே தேதி பாத்துப் போட்டாத்தானே..."

அங்கே நின்றுவிட்டார். பொட்டலத்தைப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். காதிலிருந்து கழுத்து வரை அவர் சிவந்துபோனது எனக்குத் தெரிந்தது. எனக்கு அப்போது திருப்தியாகத்தான் இருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது.

ஆனால் மனிதர் லேசில் விடவில்லை. மெதுவாகச் சொன்னார். "இது உசுருங்க, டாக்டரம்மா. அது இரும்புதானே."

"ஒங்க பெல்ட்டு அறுந்த அன்னிக்கு நான் எங்க போய்க்கினு இருந்தேன் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"கெடாருக்கு. அஞ்சம்மான்னு ஒரு அம்மா. ஒரே ஒரு மாடு. கன்னு மாட்டிக்கிச்சின்னு போன் பண்ணாங்க. ஒம்போதே காலுக்குப் போயிருக்க வேண்டிய நான் பன்னெண்டு மணிக்குப் போனேன். கிடேரிக் கன்னு. செவல. நெத்தியில வெள்ள. செத்துத்தான் வெளிய வந்துச்சி. அத இரும்புன்றீங்களா?"

கஸ்தூரி தலையை ஆட்டி அவர் தோளில் உரசியது. அதன் நெற்றியில் கையை வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், மாட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"நேரத்துக்குப் போயிருந்தீங்கன்னா, பொழச்சிருக்குங்களா?"

இந்தக் கேள்விக்கு டாக்டர்கள் சொல்கிற பதில் ஒன்று இருக்கிறது. உறுதியாகச் சொல்ல முடியாது, நம் கையில் என்ன இருக்கிறது, அப்படியெல்லாம். கேட்டவருக்கு மனசு ஆறட்டும் என்று சொல்வது. நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவருக்குச் சொல்லவில்லை.

"பொழச்சிருக்கும்," என்றேன்.

ஐஸ் பெட்டியைத் திறந்து நல்ல மருந்தை எடுத்து, கஸ்தூரிக்கு ஊசியைப் போட்டேன். மாடு என்ன பாவம் பண்ணியது. அவர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். அட்டையில் ஆகஸ்ட் மாதத்துத் தேதியை எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.